சைட் கணக்கும் திறமூல மென்பொருளும்: வாசகர் கேள்வி பதில்

சிறிய கட்டட நிறுவனங்கள் தங்கள் நிர்வாகத்துக்குத் திறமூல மென்பொருளை, அதாவது மூல நிரலை எவரும் பார்க்கவும் மாற்றவும் உரிமையுள்ள மென்பொருளை, பயன்படுத்துவது குறித்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கப்படுகிறது. கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்து, ஊரையும் தொழிலையும் மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கும்பகோணம், வீடு கட்டும் ஒப்பந்ததாரர்: எப்போதும் நான்கைந்து வீடுகள் ஒரே சமயத்தில் நடந்துகொண்டிருக்கின்றன. ஜிஎஸ்டி கணக்கை ஆடிட்டர் அலுவலகத்தார் டேலியில் போட்டுவிடுகிறார்கள். சைட் செலவோ நோட்டிலும் எக்செலிலும் வாட்ஸ்அப்பிலும் சிதறிக் கிடக்கிறது. எந்த வீட்டில் லாபம் வந்தது, எந்த வீடு கையைக் கடித்தது என்பது கிரகப்பிரவேசம் முடிந்த பிறகுதான் தெரிகிறது. திறமூல மென்பொருள்களில் எதை எடுக்கலாம்?

ஆடிட்டர் அலுவலகம் எழுதுவது வரிக்கான கணக்கு. அதில் சிமெண்ட் பில் கடைக்காரர் பெயரில் ஏறும். அந்த மூட்டைகள் எந்த வீட்டுக்கு இறங்கின என்பது ஏறாது. டேலியிலும் சைட் வாரியாகச் செலவைப் பிரித்து எழுத வசதி உண்டு என்றாலும், பில்லை எழுதுகிறவர் சைட்டைக் கண்ணால் பார்க்காதவராகவும் பில் அவர் கைக்குப் போவது மாதக் கடைசியாகவும் இருக்கும்வரை அந்த வசதி பயன்படாது. ஆகவே நீங்கள் தேட வேண்டியது, ஒரு செலவு பதிவாகும்போதே "எந்த சைட்?" என்று கேட்டு வாங்கிக்கொள்ளும் மென்பொருள்; அதில் சைட்டில் நிற்பவரே கைபேசியில் பதிவு செய்யவும் முடிய வேண்டும்.

இதற்கு முதலில் பார்க்க வேண்டியது இஆர்பிநெக்ஸ்ட். மும்பையில் ருஷப் மேத்தா தொடங்கிய ஃபிராப்பே நிறுவனத்தின் படைப்பு இது. ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தின் மூன்றாம் பதிப்பில் வெளியிடப்படுகிறது. கணக்கு, கொள்முதல், சரக்கு இருப்பு, ப்ராஜெக்ட், இயந்திரங்களுக்கான சொத்துப் பதிவேடு ஆகிய அனைத்தும் அந்த உரிமத்துக்குள்ளேயே அடங்குகின்றன. ஜிஎஸ்டி பில், இ-வே பில், இ-இன்வாய்ஸ் ஆகியவற்றுக்கு 'இந்தியா கம்ப்ளையன்ஸ்' என்ற தனிச் செயலியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்; அதுவும் திறமூலம்தான்.

அடுத்து எல்லோரும் சொல்லும் பெயர் ஓடூ. பெல்ஜியத்தில் 2005-இல் டைனிஇஆர்பி என்று தொடங்கி, ஓப்பன்இஆர்பி ஆகி, 2014-இல் ஓடூ என்று பெயர் மாறியது. திரைகள் அழகானவை, பழகவும் எளியவை. ஆனால் அதற்கு இரண்டு பதிப்புகள் இருக்கின்றன. திறமூலமான கம்யூனிட்டி பதிப்பில் பில் போடலாம், பணம் வந்ததைப் பதியலாம். முழுமையான கணக்கியல் பகுதி கட்டணப் பதிப்பில்தான் இருக்கிறது. தன்னார்வலர்கள் எழுதிய கூடுதல் தொகுதிகளைக் கொண்டு அந்தக் குறையை ஓரளவு நிரப்பலாம் என்றாலும், அவற்றைப் பொருத்தி வைத்துப் பராமரிக்கத் தெரிந்த ஒருவர் உங்கள் அருகில் இருக்க வேண்டும். யாரேனும் ஓடூவை டெமோ காட்ட வந்தால், எந்தப் பதிப்பைக் காட்டுகிறார் என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

பிரான்ஸில் தோன்றிய டோலிபார் மிக இலகுவானது, சாதாரண இணையதள ஹோஸ்டிங்கிலேயே ஓடிவிடும். ஆனால் நம் ஜிஎஸ்டி நடைமுறைக்கு நாமே நிறையச் சேர்க்க வேண்டியிருக்கும். ஓப்பன்ப்ராஜெக்ட், ப்ராஜெக்ட்லிப்ரே ஆகிய இரண்டும் வேலை அட்டவணை போடுவதற்கானவை. கான்கிரீட் என்றைக்கு, செங்கல் கட்டு என்றைக்கு என்று திட்டமிட உதவும். சைட்டின் வரவு செலவுக் கணக்கை அவை எழுதா.

உங்கள் நிலைக்கு இஆர்பிநெக்ஸ்டையே பரிந்துரைப்பேன். பாதி கட்டிய வீடுகளின் பழைய கணக்கை அதற்குள் திணிக்க முயலாதீர்கள். அடுத்து பூமி பூஜை போடப்போகும் ஒரு வீட்டை மட்டும் ஒரு ப்ராஜெக்டாகத் திறந்து, அதன் கொள்முதலையும் கூலியையும் பதிந்து பழகுங்கள். ஆடிட்டரின் டேலி கணக்கு மார்ச் 31 வரை அதன் வழியில் போகட்டும். கணக்கை மாற்றுவதென்றால் ஏப்ரல் 1-இல் மாற்றுவதே உத்தமம்.

ஒரு எச்சரிக்கை. ப்ராஜெக்ட் பக்கத்திலேயே லாபத்தைக் காட்டும் ஒரு கட்டம் இருக்கிறது. இருப்பில் வைத்து வழங்கும் பொருளுக்கு, வாங்கிய பில்லிலும் ப்ராஜெக்ட் பெயரைப் போட்டு, எடுத்து வழங்கும் பதிவிலும் அதே பெயரைப் போட்டால், அந்தக் கட்டம் ஒரே சிமெண்டை இரண்டு முறை செலவாகக் கூட்டிவிடும். வீடு நட்டத்தில் போகிறது என்று வீணாகப் பதறாமல் இருக்க, லாப நட்ட அறிக்கையைத் திறந்து அதில் ப்ராஜெக்ட் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அந்த அறிக்கை பேரேட்டிலிருந்து வருவதால் இந்தக் குழப்பம் அதில் இராது.

ஈரோடு, கணவரின் கட்டட நிறுவனத்துக்குக் கணக்கு எழுதும் வாசகி: இலவச மென்பொருள் என்று சொல்லிவிட்டு, அதை அமைத்துத் தருவதற்குப் பெரிய தொகை கேட்கிறார்கள். பிறகு ஆண்டுதோறும் ஒரு தொகையாம். இதில் எதுதான் இலவசம்?

உரிமத்துக்குக் காசு இல்லை. எத்தனை பேர் பயன்படுத்தினாலும் ஆளுக்கு இவ்வளவு என்ற கட்டணமும் இல்லை. மற்ற எல்லாவற்றுக்கும் யாரோ ஒருவரின் உழைப்போ ஓர் இயந்திரமோ வேண்டும். மென்பொருள் ஓடுவதற்கு வாடகை சர்வர் வேண்டும். அதை நிறுவவும், உங்கள் பொருட்களின் பட்டியலை ஏற்றவும், பில் படிவத்தை உங்கள் லெட்டர்ஹெட்டுக்கு ஏற்ப வரையவும், சைட்டில் இருப்பவருக்குச் சொல்லிக்கொடுக்கவும் ஆள் வேண்டும். கேட்கும் தொகை நியாயமானதா என்பதை, அந்தத் தொகைக்கு என்னென்ன செய்து தரப்படும் என்று எழுதி வாங்கினால்தான் சொல்ல முடியும். பேஸ்மெண்ட், லிண்டல், ரூஃப் என்று வீட்டுக்காரர்கள் உங்களுக்குக் கொடுப்பதைப் போலவே நீங்களும் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். முதல் சைட்டின் ஒரு மாதக் கணக்கு சரியாக ஓடி முடிந்த பிறகு கடைசித் தவணை.

தொகையைவிட முக்கியமானது, சாவி யார் கையில் இருக்கிறது என்பது. சர்வர் கணக்கும் இணைய முகவரியும் உங்கள் நிறுவனத்தின் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். இஆர்பிநெக்ஸ்டில் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற தலைமைப் பயனர் ஒருவர் உண்டு. அதன் கடவுச்சொல் உங்களிடமும் இருக்க வேண்டும். தினமும் எடுக்கப்படும் காப்புப் பிரதி அதே சர்வரிலேயே கிடந்தால், சர்வர் போகும் நாளில் அதுவும் சேர்ந்து போய்விடும். ஆகவே தரவுத்தளம், இணைப்புக் கோப்புகள், 'சைட் கான்ஃபிக்' என்ற சிறிய கோப்பு ஆகிய மூன்றும் வேறோர் இடத்துக்கும் போய்ச் சேர ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதில்தான் மறையாக்கச் சாவி இருக்கிறது. அது இல்லாவிட்டால், மீட்டெடுத்த பிறகு உள்ளே சேமித்த மின்னஞ்சல் முதலியவற்றின் கடவுச்சொற்களைப் படிக்க முடியாது.

உங்களுக்காகச் செய்யும் மாற்றங்களை மூல நிரலில் கைவைக்காமல் தனிச் செயலியாகச் செய்து தரும்படியும் கேளுங்கள். மூல நிரலையே வெட்டி ஒட்டியவர் போய்விட்டால், அடுத்த பெரிய பதிப்புக்கு உங்களை ஏற்றிவிட வேறு யாரும் முன்வரமாட்டார்கள். ஜிபிஎல் உரிமத்தின்படி, மாற்றிய மென்பொருளை உங்களிடம் ஒப்படைப்பவர் அதன் மூல நிரலையும் கேட்டால் தரக் கடமைப்பட்டவர். நீங்கள் உங்கள் நிறுவனத்துக்குள் பயன்படுத்துவதற்காகச் செய்த மாற்றங்களை ஊருக்கெல்லாம் வெளியிட வேண்டிய கட்டாயமும் அதில் இல்லை.

திருநெல்வேலி, சைட் இன்ஜினியர்: எங்கள் முதலாளி இஆர்பிநெக்ஸ்ட் போட்டுவிட்டார். மணல், ஜல்லி, கம்பி, சிமெண்ட் எல்லாவற்றுக்கும் அன்றாடம் இருப்பு எழுதச் சொல்கிறார். கம்பி இருப்பு ஒருநாளும் ஒத்துப்போவதில்லை. பல நாட்களில் பொருளை வழங்கும் பதிவைப் போட்டால் இருப்பு இல்லை என்று திரை சிவக்கிறது. சைட்டிலோ மூட்டை அடுக்கியே இருக்கிறது. என்ன செய்வது?

உங்கள் கேள்வியில் மூன்று சிக்கல்கள் பின்னிக் கிடக்கின்றன.

முதலாவது, எதற்கு இருப்பு வைப்பது என்பது. எம்-சாண்டும் ஜல்லியும் யூனிட் கணக்கில் வந்து இறங்குகின்றன. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. கொட்டிய குவியலில் இன்று எத்தனை கன அடி போனது என்று அளப்பவர் யாரும் இல்லை. அளக்காத ஒன்றுக்கு அன்றாடம் இருப்பு எழுதினால், அதை எழுதுகிறவர் மனக்கணக்காகத்தான் எழுத முடியும். மணல், ஜல்லி, செங்கல் ஆகியவற்றுக்கு 'மெயின்டெய்ன் ஸ்டாக்' என்ற குறியை எடுத்துவிட்டு, வந்து இறங்கிய அன்றே அந்த சைட்டின் செலவாக ஏறும்படி செய்துவிடலாம் என்பது என் கருத்து. சிமெண்ட், கம்பி, டைல்ஸ், மின்சாரப் பொருட்கள், பைப்பு ஆகியவை விலை கூடியவை, எண்ணக்கூடியவை, ஒரு சைட்டிலிருந்து இன்னொரு சைட்டுக்கு எடுத்துப் போகக்கூடியவை. இவற்றுக்கு மட்டும் இருப்பு வையுங்கள். ஒரு பொருளில் ஒரு பதிவு ஏறிவிட்டால் அந்தக் குறியையும் அதன் அடிப்படை அலகையும் பிறகு மாற்ற மென்பொருள் விடாது. ஆகவே இப்போதுள்ள 'எம்-சாண்ட்' என்ற பொருளைச் செயலிழக்கச் செய்துவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, கம்பி. அது எடையில் வருகிறது, எண்ணிக்கையில் போகிறது. விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கான எடை கிலோவில் கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. 12 மில்லிமீட்டர் கம்பிக்கு அது சுமார் 0.89 கிலோ, 12 மீட்டர் நீளமுள்ள முழுக் கம்பிக்கு 10.67 கிலோ. இந்தக் கணக்கில் 2 டன்னுக்கு 187 கம்பிகள் வர வேண்டும். ஆனால் ஐஎஸ் 1786 தரநிலை, 10 மில்லிமீட்டருக்கு மேல் 16 மில்லிமீட்டர் வரையுள்ள கம்பிகளுக்கு, ஒரு தொகுதியின் எடையில் 5 சதவீதம் கூடவோ குறையவோ இடம் தருகிறது. 5 சதவீதம் எடை குறைந்த கம்பி வந்தால் ஒன்று 10.13 கிலோதான் இருக்கும். அதே 2 டன்னில் 197 கம்பிகள் வரும். இருப்பைக் கிலோவில் வைத்து, ஒரு கம்பி 10.67 கிலோ என்று மாற்றி வழங்கிக்கொண்டே வந்தால், 187 கம்பிகளை வழங்கியதும் மென்பொருளில் இருப்பு தீர்ந்துவிடும். சைட்டில் 10 கம்பிகள் கிடக்கும். இதில் யாரும் திருடவும் இல்லை, யாரும் தவறாக எண்ணவும் இல்லை.

எனவே ஒவ்வொரு விட்டத்தையும் தனிப் பொருளாகத் திறந்து, அடிப்படை அலகாகக் கிலோவை வையுங்கள். கடைக்காரரின் பில் அந்த அலகில்தான் வருகிறது. லோடு இறங்கும்போது எடைமேடைச் சீட்டில் உள்ள நிகர எடையை எண்ணிக்கையால் வகுத்து, அந்த லோடில் ஒரு கம்பியின் உண்மை எடை என்ன என்று ரசீதுப் பதிவின் குறிப்பில் எழுதிவிடுங்கள். வழங்கும்போது கம்பி எண்ணிக்கையை அந்த எடையால் பெருக்கிக் கிலோவில் பதியுங்கள். மாதக் கடைசியில் கிடப்பதை எண்ணி, வெட்டுத்துண்டுகளைத் தனியே எடை போட்டு, 'ஸ்டாக் ரெகன்சிலியேஷன்' பதிவால் இருப்பைச் சரிசெய்யுங்கள். வித்தியாசத் தொகை தனிக் கணக்கில் ஏறும்படி செய்தால், சேதாரம் எவ்வளவு என்பதை முதலாளி ஒரே வரியில் பார்த்துக்கொள்வார். லோடுக்கு லோடு கம்பியின் எடையை எழுதிவைப்பதில் வேறொரு பயனும் உண்டு: எந்தக் கடையிலிருந்து வரும் கம்பி தரநிலையின் எல்லைக்கும் கீழே போகிறது என்பது சில மாதங்களில் தானாகத் தெரிந்துவிடும்.

மூன்றாவது, சிவக்கும் திரை. மூட்டை இறங்கியதைப் பதியும் முன்பே அதை வழங்கியதாகப் பதிய முயல்வதால் வருவது அது. திங்கட்கிழமை மாலை லாரி வருகிறது. பில் புதன்கிழமை அலுவலகத்துக்குப் போகிறது. அதுவரை மென்பொருளுக்கு அந்த மூட்டைகள் இல்லை. இருப்பு கழித்தல் கணக்கில் போகட்டும் என்று அனுமதிக்கும் ஓர் அமைப்பு உள்ளே இருக்கிறது. யாராவது ஒருவர் அதைத் திறந்துவிடச் சொல்லத்தான் சொல்வார். திறக்காதீர்கள். வாங்கிய விலை தெரியாமலே வழங்கப்படும் மூட்டைக்கு மென்பொருள் ஏதோ ஒரு விலையைப் போட்டுக்கொள்ளும், அந்த வீட்டின் செலவுக் கணக்கு முழுவதும் பிறழ்ந்துபோகும்.

பில் வரும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை. பொருள் வந்ததற்கான 'பர்ச்சேஸ் ரிசீட்' ஒரு பதிவு, கடைக்காரரின் பில் வேறொரு பதிவு. லாரி இறங்கியதும் ரிசீட்டைக் கைபேசியிலேயே நீங்கள் போட்டு, டெலிவரி சலானையும் எடைச் சீட்டையும் படமெடுத்து இணைத்துவிடுங்கள். அலுவலகம் பில் வந்தபின் அந்த ரிசீட்டிலிருந்தே பில் பதிவை உருவாக்கிக்கொள்ளும். உங்கள் சைட் வேர்ஹவுஸ் மட்டும் உங்களுக்குத் தெரியும்படியும், விலை உங்கள் திரையில் தெரியாதபடியும் அனுமதியை அமைக்க முடியும். விலையை வெளியே காட்டத் தயங்கும் முதலாளிகளிடம் இதைச் சொன்னால் கைபேசிப் பதிவுக்கு ஒப்புக்கொள்வார்கள்.

மதுரை, ஒப்பந்ததாரர்: மேஸ்திரிக்கு வாராவாரம் சனிக்கிழமை கூலி கொடுக்கிறோம். நடுவில் முன்பணமும் வாங்கிக்கொள்கிறார். கொத்தனார், பெரியாள், சித்தாள் எல்லோரும் அவருடைய ஆட்கள். இவர்களையெல்லாம் ஊழியர்களாகப் பதிந்து வருகைப் பதிவு போட வேண்டுமா?

மேஸ்திரியை 'சப்ளையர்' ஆகப் பதியுங்கள். 'கொத்தனார் ஆள்கூலி', 'சித்தாள் ஆள்கூலி' என்று சேவைப் பொருட்களைத் திறந்து, அலகு நாள் என்று வையுங்கள். வாரக் கடைசியில் இத்தனை கொத்தனார் நாள், இத்தனை சித்தாள் நாள் என்று அவர் பெயரில் ஒரு பில், அதில் ப்ராஜெக்ட் பெயர், அவரிடம் உள்ள ஆள் கணக்குத் தாளின் படம், அவ்வளவுதான். சதுர அடிக்கு இவ்வளவு என்று லேபர் கான்ட்ராக்ட் பேசியிருந்தால் அலகு சதுர அடியாக மாறும். முன்பணத்தை எந்தப் பில்லிலும் சேர்க்காமல் அவர் பெயரில் பணம் கொடுத்த பதிவாகப் போட்டுவிட்டு, சனிக்கிழமை பில்லில் கழித்துக்கொள்ளலாம். மேஸ்திரி எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்கிறார் என்பதை எந்த நாளிலும் அவருடைய பேரேட்டைத் திறந்தால் பார்த்துவிடலாம். பேச்சுவார்த்தைக்கு இதைவிட உதவும் தாள் வேறொன்று இல்லை.

மாதச் சம்பளம் வாங்கும் சூப்பர்வைசர், இன்ஜினியர், டிரைவர் ஆகியோருக்கு மட்டும் 'ஃபிராப்பே ஹெச்ஆர்' என்ற தனிச் செயலி போதுமானது. தினக்கூலி ஆட்களையும் அதில் ஏற்றினால், திங்கட்கிழமை வந்து புதன்கிழமை போய்விடும் ஆளுக்கெல்லாம் பதிவு திறந்துகொண்டிருக்க நேரிடும். ஆனால் மென்பொருளில் பெயர் இல்லாததால் சட்டப்படி வைத்திருக்க வேண்டிய வருகைப் பதிவேடும் வேண்டாம் என்று ஆகிவிடாது. அதை உங்கள் தொழிலாளர் சட்ட ஆலோசகர் சொல்லும் படிவத்தில் தனியே வைத்திருங்கள்.

இரண்டு செய்திகளை ஆடிட்டரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். உங்கள் நிறுவனம் வருமான வரி பிடித்தம் செய்ய வேண்டிய நிலையில் இருந்தால், தனிநபரான மேஸ்திரிக்கு 1 சதவீதம் பிடிக்க வேண்டும். ஒரே முறை 30,000 ரூபாயோ ஆண்டு மொத்தம் ஒரு லட்சமோ தாண்டினால் இது வரும். 'டாக்ஸ் வித்ஹோல்டிங் கேட்டகரி' என்ற இடத்தில் இந்த இரண்டு வரம்புகளையும் ஒருமுறை எழுதிவிட்டால், ஆண்டு மொத்தத்தை மென்பொருளே கூட்டிப் பார்த்துப் பிடிக்கும். இன்னொன்று ரொக்கம். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் ஏற்கமாட்டார்கள். சனிக்கிழமை மேஸ்திரி கையில் கட்டாக எண்ணிக் கொடுக்கும் வழக்கம் இங்கேதான் இடிக்கிறது.

கோயம்புத்தூர், அரசு வேலைகள் எடுத்துச் செய்யும் கூட்டு நிறுவனத்தின் பங்குதாரர்: எங்களுக்குப் பகுதிப் பில்லாகத்தான் பணம் வரும். அதிலும் பலவகைப் பிடித்தம் போக வருகிறது. கடைசியில் எந்தப் பில்லுக்கு எவ்வளவு பாக்கி என்றே தெரிவதில்லை. இதை மென்பொருளில் எப்படி எழுதுவது?

ஒப்பந்தத்தின் பொருள் அளவுப் பட்டியலை அப்படியே ஒரு 'சேல்ஸ் ஆர்டர்' ஆக ஏற்றிவிடுங்கள். ஒவ்வொரு பகுதிப் பில்லின்போதும், இதுவரை முடித்த மொத்த அளவிலிருந்து முந்தைய பில்களில் போட்ட அளவைக் கழித்து, மீதியை மட்டும் அந்த ஆர்டரிலிருந்து பில்லாக எடுங்கள். ஆர்டரின் தொகையைத் தாண்டும் பில்லை மென்பொருள் தடுக்கும். அஸ்திவாரத்தில் மண் கூடுதலாகத் தோண்ட நேர்வது சகஜம் என்பதால், எத்தனை சதவீதம் தாண்டலாம் என்று கணக்கு அமைப்பில் ஒரு வரம்பை வைத்துக்கொள்ளலாம். எம்-புக்கில், அதாவது வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில், எழுதும் எண்ணிக்கை, நீளம், அகலம், உயரம் ஆகியவற்றை இஆர்பிநெக்ஸ்டுக்குள் கொண்டுவரத் தனியே படிவம் செய்ய வேண்டும். நான் அதைச் செய்யச் சொல்லமாட்டேன். அளவைத் தாளிலோ எக்செலிலோ இருக்கட்டும், இறுதி அளவு மட்டும் பில்லுக்கு வரட்டும், தாள் பில்லோடு இணைப்பாகப் போகட்டும்.

பிடித்தங்களை ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். வேலை மதிப்பு 10 லட்சம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,80,000. பில் 11,80,000 ரூபாய். கூட்டு நிறுவனம் என்பதால் வருமான வரி 2 சதவீதம், 20,000. ஒப்பந்தம் இரண்டரை லட்சத்தைத் தாண்டியது என்பதால் ஜிஎஸ்டியில் பிடித்தம் 2 சதவீதம், இன்னொரு 20,000. கட்டுமானத் தொழிலாளர் நல வரி 1 சதவீதம், 10,000. பராமரிப்புக் காலம் முடியும்வரை நிறுத்திவைக்கும் வைப்புப் பிடித்தம் 5 சதவீதம், 50,000. வங்கிக்கு வருவது 10,80,000.

இந்த நான்கையும் ஒரே வகையாக எழுதினால்தான் குழப்பம் வருகிறது. வருமான வரிப் பிடித்தம் உங்கள் ஆண்டு வரியில் கழித்துக்கொள்ளும் சொத்து. ஜிஎஸ்டி பிடித்தத்தை வலைத்தளத்தில் நீங்கள் ஏற்றுக்கொண்டால் உங்கள் மின்னணு ரொக்கப் பேரேட்டில் வந்து சேரும், அதுவும் சொத்துதான். நல வரி செலவு. பணம் வந்த பதிவின் அடியில் பிடித்தங்களுக்கான ஓர் அட்டவணை இருக்கிறது. இந்த மூன்றையும் மூன்று கணக்குகளாக அங்கே எழுதிவிடுங்கள். வைப்புப் பிடித்தத்தை மட்டும் அங்கே எழுத வேண்டாம். அது பில்லிலேயே பாக்கியாக நிற்கட்டும். பில்லின் பணம் செலுத்தும் விதிமுறையில் 11,30,000 ரூபாய் இப்போது, 50,000 ரூபாய் ஒப்பந்தத்தில் சொன்ன பராமரிப்புக் காலம் முடிந்தபின் என்று இரண்டு தவணைகளாக வைத்துவிட்டால், அந்த 50,000 ரூபாய் உரிய நாள் வரும்வரை காலங்கடந்த பாக்கியாகக் கணக்கில் வராது. உரிய நாள் வந்ததும் பாக்கி அறிக்கையில் தானே தலைகாட்டும். பராமரிப்புக் காலம் முடிந்தும் கேட்க மறந்து போன வைப்புத் தொகைகள் உங்கள் பழைய கோப்புகளிலும் சில இருக்கக்கூடும்; இந்த அமைப்பைச் செய்யும்போதே அவற்றையும் தோண்டி எடுத்துத் தொடக்கப் பாக்கியாக ஏற்றிவிடுங்கள்.

சேலம், பிரைவேட் லிமிடெட் நிறுவன இயக்குநர்: திறமூல மென்பொருளில் கணக்கு எழுதினால், யார் எப்போது எதைத் திருத்தினார் என்ற பதிவு வேண்டும் என்ற சட்ட விதிக்கு ஒத்துவருமா என்று எங்கள் ஆடிட்டர் கேட்கிறார்.

நியாயமான கேள்வி. 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் சட்டத்தின்கீழ் பதிவான நிறுவனங்கள் அத்தகைய திருத்தப் பதிவு உள்ள மென்பொருளைத்தான் கணக்குக்குப் பயன்படுத்த வேண்டும்; தனி உரிமையாளர் நிறுவனங்களுக்கும் கூட்டு நிறுவனங்களுக்கும் இந்த விதி இல்லை. இஆர்பிநெக்ஸ்டில் சமர்ப்பித்த பில்லின் தொகையை மாற்ற வேண்டுமானால் அதை ரத்து செய்து புதிய எண்ணில் திருத்தப் பதிவு போட வேண்டும். பழையதும் அழியாமல் கிடக்கும். இந்தியா கம்ப்ளையன்ஸ் செயலியில் இந்த விதிக்கென்றே ஓர் அமைப்பு உண்டு. ஒருமுறை இயக்கினால் அதை அணைக்க முடியாது. அதே சமயம், சர்வரின் தரவுத்தளத்துக்குள் நேரடியாக நுழையக்கூடியவர் எதையும் மாற்ற முடியும் என்பதையும் ஆடிட்டர் கேட்பார். அந்த அனுமதி யாரிடம் இருக்கிறது என்பதை எழுத்தில் வைத்திருங்கள்.

அறந்தாங்கி, ஆண்டுக்கு ஒன்றிரண்டு வீடுகள் கட்டும் மேஸ்திரி: நான் பொருள் வாங்குவதில்லை, வீட்டுக்காரரே வாங்கித் தந்துவிடுவார். லேபர் மட்டும்தான் என்னுடையது. நானும் இதையெல்லாம் போட வேண்டுமா?

வேண்டாம். உங்களுக்கு ஆள் கணக்கும், வீட்டுக்காரரிடம் வாங்கிய தொகையும் தெரிந்தால் போதும். லிப்ரே ஆஃபீஸ் கால்க் என்ற திறமூல விரிதாளில் இரண்டு பக்கங்கள் போதும். பொருளோடு சேர்த்து ஒப்பந்தம் எடுக்கும் நாளில் மீண்டும் எழுதுங்கள்.

தஞ்சாவூர், கட்டட நிறுவன மேலாளர்: எங்கள் சைட் சூப்பர்வைசர்களுக்கு ஆங்கிலம் வராது. இந்த மென்பொருள்கள் தமிழில் வருமா? கிராமத்து சைட்களில் சிக்னலும் சரியாக இருக்காது.

இஆர்பிநெக்ஸ்டின் திரைகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு உண்டு. ஆனால் முழுமையானது என்று சொல்வதற்கில்லை, சில இடங்களில் படித்தாலும் புரியாது. நல்ல வேளையாக, எந்தச் சொல்லை எப்படிக் காட்ட வேண்டும் என்று நீங்களே எழுதிக்கொள்ள 'டிரான்ஸ்லேஷன்' என்ற பட்டியல் உள்ளேயே இருக்கிறது. எல்லாவற்றையும் மாற்ற முனையாமல், சூப்பர்வைசர் தொடும் இரண்டு மூன்று திரைகளை மட்டும் அவர் பேசும் சொற்களில் அமைத்துக்கொடுங்கள். 'மெட்டீரியல் ரிக்வெஸ்ட்' என்பது அவருக்குப் 'பொருள் வேணும்' என்று இருந்தால் போதும். பொருட்களின் பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம். அப்படி எழுதினால் பிடிஎஃப் அச்சில் எழுத்துகள் கட்டங்கட்டமாக வர வாய்ப்புண்டு; சர்வரில் தமிழ் எழுத்துரு நிறுவப்படாததே காரணம், நிறுவிக் கொடுத்தவரிடம் சொன்னால் சில நிமிடங்களில் சரிசெய்துவிடுவார்.

சிக்னல் விஷயத்தில் இவ்வளவு நல்ல செய்தி இல்லை. இந்த வகை மென்பொருள்கள் இணையம் இருந்தால்தான் பதியும். அத்தகைய சைட்களில் லாரி இறங்கும் நேரத்தில் சலானைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, சூப்பர்வைசர் மாலையில் சிக்னல் உள்ள இடத்துக்கு வந்ததும் வரிசையாகப் பதியட்டும்: முதலில் வந்தவை, பிறகு வழங்கியவை. பதிவின் தேதியையும் நேரத்தையும் பொருள் வந்த நேரத்துக்கு மாற்றிக்கொள்ள ஒரு குறி உண்டு. அதை அவருக்குச் சொல்லிக்கொடுக்க மறக்காதீர்கள்.